நெல் காய்ந்த களத்தில் ஸ்கேட்போர்டு

(பிள்ளைகளின் விளையாட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை பதில் சொல்லும் பகுதி இது. பெருமுகைப் பக்கம் தான் நடத்தும் ஸ்கேட்போர்டு (சக்கரம் வைத்த சின்னப் பலகையில் நின்று ஓட்டுவது) களம் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்த முறை அதிகம்.)

கேள்வி: நான் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மாடு விடும் விழாவுக்கு வருடா வருடம் பத்தாயிரம் கொடுக்கிறேன். மைக்கில் என் பேரை ஊரே கேட்கிறது. உங்கள் ஸ்கேட்போர்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும்? நேரடியாகவே கேட்கிறேன்.
– கடைக்காரர், லாங்கு பஜார், வேலூர்

பதில்: நேரடியாகக் கேட்டதற்கு நன்றி, அண்ணா. எங்கள் களத்தில் மைக் கிடையாது. ஆனால் முப்பத்துநாலு பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் உங்களைப் பேர் சொல்லித் தெரிந்துவைத்திருப்பார்கள். அது எப்படி என்று புரிய, களம் நடக்கிற விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2021 ஜூலையில் மொமிஜி நிஷியா என்ற ஜப்பானியச் சிறுமி 13 வயதில் தங்கம் வாங்கினாள். அதை என் வீட்டு டிவியில் தெருப் பையன்கள் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த வாரமே எங்கிருந்தோ ஒரு பழைய பலகையைக் கொண்டுவந்து சர்வீஸ் ரோட்டில் உருட்ட ஆரம்பித்தார்கள். அந்த ரோட்டில் லாரிகள் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் நான் பெருமுகைப் பக்கம் மூடிக் கிடந்த ரைஸ் மில்லின் சொந்தக்காரரிடம் போய் நின்றேன். அவர் எனக்குத் தூரத்துச் சொந்தம். நெல் காயவைக்கிற சிமெண்ட் களத்தைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். இன்றைக்கும் தை மாதத்தில் அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் அங்கே நெல் காயப்போட வருவார்கள். அந்த மூன்று வாரமும் பாதிக் களம் நெல்லுக்கு, பாதிக் களம் பிள்ளைகளுக்கு.

இப்போது செலவுக்கு வருகிறேன். ஸ்கேட்போர்டின் சக்கரம் சின்னது. எங்களிடம் இருப்பவை 52 மில்லிமீட்டர் விட்டம், ரப்பர் மாதிரி கெட்டியான யூரித்தேன் என்ற பொருளால் ஆனவை. ஒரு சின்னக் கல் அடியில் மாட்டினால் போதும், பலகை அப்படியே நின்றுவிடும், பிள்ளை மட்டும் முன்னால் போய் விழும். ஒரு நெல்மணிகூட அந்த வேலையைச் செய்யும். அதனால் எங்கள் களத்தில் முதல் செலவு பெருக்குவது. தினமும் நாலரை மணிக்கு வந்து பெருக்குகிற அம்மாவுக்கு மாதம் 1,500 ரூபாய். சொல்லிக்கொடுக்கிற இரண்டு கல்லூரிப் பையன்களுக்குப் பஸ் செலவும் கைச்செலவுமாக ஆளுக்கு 2,000. கரண்டுக்கு 900. ஆக 6,400. வருவது 7,800. இருபத்தாறு கடைகள், கடைக்கு மாதம் 300. மிச்சம் 1,400-ல் பேரிங், பேண்டேஜ், ஸ்க்ரூ எல்லாம் முடிந்துவிடும்.

இந்த 300-ஐ நான் போய் வாங்குவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டிரண்டு பிள்ளைகளாகக் கடைகளுக்குப் போவார்கள். போன மாத வரவு செலவு எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு, புதிதாக என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கி வருவார்கள். பேரிங் கடை அண்ணனுக்கு எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையாவது பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். ஸ்கேட்போர்டுக்கும் நம் ஊர்ச் சின்ன இயந்திரங்கள் பலவற்றுக்கும் போடுவது ஒரே 608 நம்பர் பேரிங்தான் என்று எனக்குச் சொன்னவரே அவர். அதுவரை நான் பெங்களூரிலிருந்து வரவழைத்து வீண் செலவு செய்துகொண்டிருந்தேன்.

நீங்கள் பத்தாயிரம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் கடையில் இருப்பதையே கேட்கிறேன். இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் இருபது அடி, எல் ஆங்கிள் இருபது அடி, வருடத்துக்கு இரண்டு முறை ஒரு பெட்டி ஸ்க்ரூ. பைப் சரிவு மேடையின் உச்சி விளிம்புக்கு. ஆங்கிள், நாங்கள் கட்டியிருக்கிற குட்டைத் திண்ணையின் ஓரத்துக்கு. பிள்ளைகள் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு அதன்மேல் வழுக்குவார்கள். சிமெண்ட் விளிம்பு மட்டும் இருந்தால் பத்தே நாளில் உடைந்துபோகும். உங்கள் பேர் மில் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதப்படும். இருபத்தாறு பேருக்கும் ஒரே அளவு எழுத்துதான். நீங்கள் இருபத்தேழாவது.

கேள்வி: இப்படிச் சில்லறையாகச் சேர்ப்பதற்குப் பதில் பெரிய நிறுவனம் ஒன்றைப் பிடித்தால் ஒரே தடவையில் முடிந்துவிடுமே, டீச்சர்?
– பொறியியல் மாணவர், காட்பாடி

பதில்: எது முடிந்துவிடும், தம்பி? கட்டுவது முடிந்துவிடும். நடத்துவது மறுநாள் காலையில் ஆரம்பிக்கும்.

எங்களுக்கு இது நடந்தே இருக்கிறது. இரண்டாவது வருடம் வசதியான ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். மூன்று மரச் சரிவுகள் செய்துகொடுத்தார்கள். பிளைவுட்டால் ஆனது, பார்க்க அழகு, உடம்பெல்லாம் அவர்கள் விளம்பரம் அச்சடித்திருந்தது. திறப்பு விழாவுக்கு நூறு நாற்காலி, ஷாமியானா, சாப்பாடு. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு மணி நேரம் போட்டோ எடுத்தார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் ஓட்டியது இருபது நிமிடம். அது ஆவணி. ஐப்பசியில் மழை பிடித்தது. மேலே போட ஒரு தார்ப்பாய் வேண்டும் என்று நான் ஏழு தடவை போன் செய்தேன். அந்த வேலையைப் பார்த்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார் என்று சொன்னார்கள். கார்த்திகை முடிவதற்குள் பிளைவுட் ஊறி அப்பளம் மாதிரி பிரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் போன தையில்தான் அந்த ஏமாற்றம் ஆறியது. வெல்டிங் பட்டறைக்காரர் தன் கைப்பட இரும்புச் சட்டம் செய்துகொடுத்து, மேஸ்திரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து கான்கிரீட் போட்ட சரிவு வந்தபோதுதான்.

பெரிய பணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2013-ல் பெங்களூருவில் ஹோலிஸ்டோக்ட் என்ற இளைஞர் குழு, லீவைஸ் ஜீன்ஸ் நிறுவனத்தின் ஆதரவோடு எல்லோரும் இலவசமாக ஓட்டும்படி ஒரு ஸ்கேட்பார்க் கட்டியது. வெளிநாடுகளிலிருந்து ஸ்கேட்டர்கள் வந்து தங்கிச் சிமெண்ட் பூசினார்கள். அங்கே முதலிலேயே ஓட்டுகிற ஆட்கள் இருந்தார்கள், பணம் அவர்கள் கையில் வந்து சேர்ந்தது. நீங்கள் நிறுவனத்தைத் தேடிப் போவதற்கு முன்னால் பத்துப் பிள்ளைகளையும் ஐந்து கடைகளையும் சேருங்கள். ஆறு மாதக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. எந்த நிறுவனம் கொடுத்தாலும் இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள். மூன்று வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு தருவார்கள் என்பது ஒன்று. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையின் படத்தையும் விளம்பரத்துக்குப் போடக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கேள்வி: எங்கள் ஷூ தொழிற்சாலை சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) பணத்தை இதற்குக் கொடுக்கச் சட்டம் இடம் தருமா? கடையில் கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை உண்டா?
– கணக்குப் பிரிவு ஊழியர், ஆம்பூர்

பதில்: இடம் தருகிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எவற்றுக்குச் செலவிடலாம் என்று ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. அதில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. ஸ்கேட்போர்டு இப்போது ஒலிம்பிக் விளையாட்டு.

ஆனால் உங்கள் மேலாளரிடம் இதையும் சொல்லுங்கள்: தங்கள் பொருளை விளம்பரப்படுத்துவதற்காகக் கொடுக்கிற ஸ்பான்சர் பணம் சி.எஸ்.ஆர். கணக்கில் வராது என்று விதியே இருக்கிறது. அதே மாதிரி பணம் வாங்குகிற அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவம் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். நாங்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்வதுதான் முதல் படி. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதற்கான வேலை நடக்கிறது. அரசு வழியாகவே கொடுக்க விரும்பினால் 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை இருக்கிறது. அது நிறுவனங்களிடமிருந்தும் தனியாரிடமிருந்தும் விளையாட்டுக்காக நன்கொடை வாங்குகிறது.

சின்னக் கடைக்காரர்களுக்கு 80ஜி என்று எல்லோரும் சொல்கிற வரிச்சலுகை, அந்த அங்கீகாரம் உள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. மாதம் முந்நூறு கொடுத்துச் சுவரில் பேர் எழுதிக்கொள்கிறவர் அதை விளம்பரச் செலவாகத் தன் கணக்கில் எழுதலாமா என்று தன் ஆடிட்டரைக் கேட்பதே சுலபமான வழி.

கேள்வி: பீடி மண்டி நடத்துகிறேன். என் மண்டிக்குப் பீடி சுற்றுகிற பெண்களின் பிள்ளைகள் சிலர் உங்களிடம் வருகிறார்கள். நான் உதவ வந்தபோது பேர் போட முடியாது என்று சொல்லிவிட்டீர்கள். வருத்தமாக இருந்தது.
– பேரணாம்பட்டு வாசகர்

பதில்: உங்களை வருத்தப்படுத்தியது எனக்கும் வருத்தம்தான், ஐயா. நம் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தன என்று எனக்குத் தெரியும். நான் பாடம் எடுத்த வகுப்பிலேயே விடுமுறை முடிந்து வருகிற பெண் பிள்ளைகளின் விரல் நுனியைப் பார்த்தால் புரியும். ஆனால் புகையிலைப் பொருளின் பேரில் எந்த நிகழ்ச்சிக்கும் ஸ்பான்சர் செய்யக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பத்து வயதுப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற சுவரில் அதை நான் எழுதமாட்டேன். உங்களிடம் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகள் ஆறு பேருக்கு மணிக்கட்டுக் காப்பு வாங்கிக் கொடுங்கள். உங்கள் கையாலேயே கொடுங்கள். வாங்கிய பிள்ளைகள் உங்களை மறக்கமாட்டார்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. ஸ்கேட்போர்டு கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். மாமியார், "பொம்பளைப் பிள்ளை விழுந்து கை கால் உடைஞ்சா யார் பார்க்கிறது?" என்கிறார். எனக்கும் பயம்தான்.
– குடியாத்தம் வாசகி

பதில்: உங்கள் மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அவருக்கு முதலில் பதில் சொல்கிறேன். விழுவது நிச்சயம். எங்களிடம் வருகிற பிள்ளை முதல் இரண்டு வாரம் கற்றுக்கொள்வதே விழுவதைத்தான். விழும்போது பயத்தில் கையை நேராக ஊன்றுவது எல்லோருக்கும் வருகிற பழக்கம். அப்படி ஊன்றினால் அடி மணிக்கட்டுக்குப் போகும். முட்டியை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, தோளோடு உருண்டு விழக் கற்றுக்கொடுக்கிறோம். பழைய கோரைப்பாயின் மேல் ஐம்பது தடவை உருண்ட பிறகுதான் பலகையில் ஏற்றுவோம். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முட்டிக் காப்பு இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. ஒரு தடவை என் தம்பி மகனையே இறக்கி உட்காரவைத்தேன்.

எங்களிடம் பலகை பன்னிரண்டு, ஹெல்மெட் பதினாறு. ஹெல்மெட்டைப் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்பதால் தலையில் பேன் வந்துவிடும் என்று தாய்மார்கள் தயங்கினார்கள். நியாயமான தயக்கம். ரங்காபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் வெட்டுத் துணியில் உள்ளே போடுகிற தொப்பிகள் தைத்துக் கொடுத்தார். ஆளுக்கு ஒன்று, பேர் எழுதியது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்த் துவைத்து வரும். இந்தத் தொப்பிக்குப் பிறகுதான் பெண் பிள்ளைகள் நாலு பேரிலிருந்து பதினொரு பேர் ஆனார்கள். என் கணக்கில் அந்த அக்காதான் எங்கள் மிகப் பெரிய ஸ்பான்சர்.

அடுத்தது கழிவறை. மில்லில் இருந்த கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. விளக்கு இல்லை. பெண் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், நான் காரணம் புரியாமல் "ஏன்மா, பிடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்திதான் தனியாக வந்து சொன்னாள். தாழ்ப்பாளுக்கும் பல்புக்கும் ஆன செலவு 340 ரூபாய். முப்பது வருடம் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தவளுக்கு அது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். இன்றைக்கு யார் களம் ஆரம்பிக்கப் போகிறேன் என்று வந்தாலும் சரிவு எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால் கழிவறை எங்கே என்றுதான் கேட்கிறேன்.

பெண் பிள்ளைகள் பற்றி இரண்டு இடங்களைச் சொல்ல ஆசை. ஆப்கானிஸ்தானில் காபூல் நகரத்தில் 2007-ல் ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் ஸ்கேட்டிஸ்தான் என்ற அமைப்பைத் தொடங்கினார். பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதையே ஏற்காத ஊர் அது. ஸ்கேட்போர்டு புதிது என்பதால் அதைக் கூடாது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கவில்லை. பெண் பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்று ஒரு கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிகே ரெய்ன்ஹார்ட் 2015-ல் அங்கே ஒரு ஸ்கேட்பார்க் அமைத்தார். வைத்த விதிகள் இரண்டு: பள்ளிக்குப் போகாவிட்டால் ஸ்கேட்போர்டு கிடையாது, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். அந்த இரண்டையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பலகை காலியானால் முதலில் பெண் பிள்ளைக்கு. பையன்கள் முதல் மாதம் முணுமுணுத்தார்கள், இப்போது அவர்களே கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்.

குடியாத்தத்திலிருந்து தினமும் வர முடியாது. சனிக்கிழமை மட்டும் மாமியாரையும் சேர்த்துக் கூட்டி வாருங்கள், அம்மா. எங்கள் வேப்பமரத்தடியில் பாட்டிகளுக்கு ஒரு பெஞ்சு இருக்கிறது. அது பேக்கரிக்காரர் உபயம்.

கேள்வி: கபடியும் சிலம்பமும் அழிந்துகொண்டிருக்கும்போது வெள்ளைக்காரன் விளையாட்டுக்கு ஊர்ப் பணத்தைச் செலவிடுவது சரியா?
– ஓய்வுபெற்ற ராணுவ வீரர், கணியம்பாடி

பதில்: ஐயா, நான் கபடி ஆடி வளர்ந்தவள். பத்தொன்பது வருடம் கபடி அணி தயார் செய்தவள். கபடிக்கு வர வேண்டிய ஒரு ரூபாயைக்கூட நான் திருப்பிவிடவில்லை.

ஆனால் கபடியில் இறங்கி ஆடுவது ஏழு பேர், மாற்று ஆட்கள் ஐந்து பேர். விளையாட்டு நேரத்தில் வரிசையில் நின்ற நாற்பது பேரில் நான் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பேன். மிச்சம் இருபத்தெட்டுப் பேர் கைதட்டுவார்கள். எட்டு வருடமும் கைதட்டியே படித்து முடித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒல்லியான பிள்ளை, திக்கிப் பேசுகிற பிள்ளை, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளை. அந்த முகங்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

எங்கள் களத்தில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். பள்ளியில் அவனை எந்த அணியிலும் எடுத்ததில்லை. பலகையோடு சேர்ந்து தரையிலிருந்து எம்புவதற்கு ஆலி (ollie) என்று பேர். பின்பக்கத்தை ஒரு காலால் தட்டி, அதே நொடியில் முன்காலை மேலே தேய்த்து இழுக்க வேண்டும். கைகளால் பிடிக்காமல் பலகை காலோடு எழும்பும். அவன் ஐந்து மாதம் முயற்சி செய்தான். தினமும் நூறு தடவை. யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, வெளியே அனுப்பவும் இல்லை. ஒரு நாள் வந்துவிட்டது. களத்தில் இருந்த எல்லோரும் பலகையைத் தரையில் தட்டினார்கள், அதுதான் அவர்கள் கைதட்டல். அவன் என்னிடம் ஓடி வந்து, "மிஸ், பாத்தீங்களா மிஸ்?" என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். உண்மையில் அந்த நேரம் நான் நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவை காட்டுப்பா" என்றேன். மறுபடி செய்து காட்டினான்.

நம் சத்துவாச்சாரிப் பிள்ளை சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் தூக்கினார். பளுதூக்குதலை இன்றைக்கு யாரும் வெளியூர் விளையாட்டு என்று சொல்வதில்லை, எங்கள் பகுதியில் அது வீட்டு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. சக்கரத்திலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் 1,000 மீட்டரில் தங்கம் வாங்கினார். அது காலில் மாட்டுகிற ரோலர் ஸ்கேட், எங்களுடையது பலகை. ஆனால் இரண்டும் தரையில் உருளுகிறவைதான்.

ஒரு நாள் வந்து சிலம்பம் சொல்லிக்கொடுங்கள், ஐயா. களம் அங்கேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் பஞ்சாயத்து இடம் இருக்கிறது. சின்னதாக ஒரு ஸ்கேட்பார்க் போட என்ன மாதிரி தரை வேண்டும்? டைல்ஸ் ஒட்டலாமா? பணத்துக்கு அரசுத் திட்டம் ஏதாவது உண்டா?
– கட்டட மேஸ்திரி, ஆற்காடு

பதில்: டைல்ஸ் வேண்டாம். ஒவ்வொரு இடுக்கிலும் சக்கரம் தட்டும், மழைத்தூறல் பட்டால் வழுக்கும். பேவர் பிளாக்கும் கூடாது. ஒரே தளமாகக் கான்கிரீட் போட்டு, மேலே கரணையால் நன்றாக இழைத்துவிடுங்கள். பளபளப்புக்காகக் கடைசியில் சிமெண்ட் பால் ஊற்றித் தேய்க்கிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அது ஆறு மாதத்தில் செதில் செதிலாக உரியும், அதைத் தவிர்த்துவிடுங்கள். நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம் இருந்தால் தண்ணீர் நிற்காது. சித்திரை, வைகாசியில் போடுவதாக இருந்தால் விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். நம் ஊர் வெயிலில் மேல்பகுதி சீக்கிரம் காய்ந்து வெடிப்பு விடும். ஈரச் சாக்கு போட்டு ஏழு நாளாவது தண்ணீர் காட்டுங்கள். 28 நாள் கழித்தே பிள்ளைகளை ஏறவிடுங்கள்.

வளைந்த சரிவுக்கு முதல் தடவையே ஆறு அடி உயரம் போகாதீர்கள். மூன்று அடி போதும், எட்டு வயதுப் பிள்ளையும் இருபது வயதுப் பையனும் அதில் ஓட்டலாம். பலகையில் வளைவை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு பூசுங்கள். உச்சியில் பதிக்கிற பைப் கால் அங்குலம் வெளியே நிற்க வேண்டும். பூசி முடிப்பதற்கு முன்னால் ஓட்டத் தெரிந்த ஒரு பையனைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் மேஸ்திரி அதைச் செய்தார். பையன் இரண்டு இடத்தில் மேடு இருக்கிறது என்று காட்டினான், அவர் கோபப்படாமல் சரிசெய்தார். நிழலுக்கு மரம் வைப்பதாக இருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இலையும் பூவும் தளத்தில் விழுந்தால் பெருக்கி மாளாது.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் மிச்சத்தை அரசு தரும் என்பதே அதன் அடிப்படை. அந்த ஒரு பங்கைக் கடைக்காரர்களிடம் சேர்க்கலாம். முதலில் மாவட்ட விளையாட்டு அலுவலரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

கேள்வி: கோட்டைக்குள் தரை நன்றாக இருக்கிறது. அங்கே ஓட்டினால் துரத்துகிறார்கள். நியாயமா?
– +2 மாணவர்கள் மூவர், தோட்டப்பாளையம்

பதில்: துரத்துவது நியாயம்தான். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்தக் கல்லில் பலகையைத் தட்டினால் சிதைவது நம் சொத்து. பெருமுகைக்கு வாருங்கள், சைக்கிள் வைக்க இடம் இருக்கிறது.

கேள்வி: எனக்கு பதினாலு வயது. என்னிடம் பலகை இல்லை, அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஆரம்பிக்க என்ன வேண்டும், மிஸ்?
– ஒரு மாணவி, கொசப்பேட்டை

பதில்: பலகை வாங்காதே, கண்ணு. பொம்மைக் கடையில் ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை வாங்கவே வாங்காதே. அதன் சக்கரம் பிளாஸ்டிக், உருளாது, பயம் மட்டும்தான் வரும். நாங்கள் வாங்குகிற ஏழு அடுக்கு மேப்பிள் மரப் பலகை, சக்கரத்தோடு 4,500 ஆகிறது. முதல் ஆறு மாதம் களத்துப் பலகையே போதும்.

தட்டை அடி உள்ள, கயிறு கட்டுகிற ஷூ ஒன்று மட்டும் வேண்டும். அடிப்பகுதி வளைந்த ஓட்டப்பந்தய ஷூ வேண்டாம், பலகையில் பிடிக்காது. ஆம்பூரில் ரோட்டோரக் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும். அப்பா சவாரிக்கு அந்தப் பக்கம் போனால் சொல்லிவிடு. இல்லாவிட்டால் எங்களிடம் பழைய ஷூ ஒரு மூட்டை இருக்கிறது, உன் அளவு எழுதி அனுப்பு.

வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்துகொள். கண்ணை மூடிக்கொண்டு நேராக நில். யாரையாவது பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளச் சொல். விழாமல் இருக்க எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாய் என்று பார். பலகையில் அநேகமாக அந்தக் கால்தான் முன்னால் நிற்கும். சிலருக்கு இடது, சிலருக்கு வலது, எதுவானாலும் சரிதான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பிக்கிறோம். கத்திரி வெயில் நாட்களில் மட்டும் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை. அம்மாவையோ அப்பாவையோ முதல் நாள் கூட்டிக்கொண்டு வா, கையெழுத்து வேண்டும். தலைமுடியைத் தாழ்வாகப் பின்னிக்கொள், ஹெல்மெட் சரியாக உட்காரும்.